சேகரனைக் கேட்டு ஒரு ஃபோன்

இயேசு மரி சூசை

மைசூர்
12.8.1996

அன்புள்ள லதாவுக்கு,

புஷ்பக்கா எழுதுவது. இங்கே நானும் இவரும் பிள்ளை கார்லும் சுகம். அங்கே நீயும் சேகரன் தம்பியும் வைஷாலியும் சுகமா என்று கேட்கலாம்தான். ஆனால் போய் மூன்று மாதமாகியும் ஒரு கார்டுகூடப் போடாதவளிடம் என்னத்தைக் கேட்பது? பத்து வருஷம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தோம். தம்பிக்கு ஹனூருக்கு மாற்றல் வந்து லாரி ஏறினதும் அக்கா மறந்துபோனாளாக்கும்.

உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறவள் பெயர் ரங்கம்மா. கொல்லையில் துணி காயப்போடும்போது பார்த்துச் சிரித்தால், இவள் என்ன கேட்கப்போகிறாளோ என்று உள்ளே போய்விடுகிறாள். நல்ல பக்கத்துவீடு வாய்த்தது எனக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகும் உங்களைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு ஃபோன் வருகிறது. அது புதிதில்லை. உங்களுக்கு ஃபோன் இல்லாததால் பி.பி. என்று போட்டு எங்கள் நம்பரைத்தானே எல்லோருக்கும் கொடுத்திருந்தீர்கள்! எத்தனை தடவை சுவருக்கு மேலே தலையை நீட்டி "ஏ லதா, உனக்கு ஃபோனு" என்று கத்தியிருப்பேன். ஆனால் இப்போது வருவது உன் அண்ணனோ ஓரகத்தியோ இல்லை. யாரோ ஒரு ஆள். "சேகரன் இதாரா?" என்று கன்னடத்தில் விசாரிக்கிறான். வீடு மாறிப் போய்விட்டார்கள் என்றால், "எல்லி ஹோதரு, அம்மாவ்ரே?" எங்கே போனீர்கள் என்று குரலில் சர்க்கரையைக் கொட்டிக் கேட்கிறான். யாரென்று கேட்டால் ஃபைனான்ஸ் ஆபீஸ், தவணை நின்றுபோய்விட்டது என்கிறான். வாரத்துக்கு மூன்று தடவை இந்தக் கூத்து. போன வெள்ளிக்கிழமை, அவருக்கு நான் என்ன உறவு என்றும் கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நீங்கள் எங்கே போனீர்களென்று தெரியாது என்று பொய் சொல்லிவிட்டேன். மறுநாள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. தம்பி எங்கேயாவது கடன் வாங்கியிருக்கிறாரா? மறைக்காமல் எழுது. நான் ஒன்றும் வேற்று மனுஷி இல்லையே.

அன்பு குறையாத
புஷ்பக்கா


உ

ஹனூர்
20.8.1996

அன்புள்ள புஷ்பக்காவுக்கு லதாவின் வணக்கம்.

உங்கள் திட்டைப் படித்து ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். கடிதம் போடாதது என் தப்புதான். இங்கே தண்ணீர் பிடிக்கவே பாதி நாள் போய்விடுகிறது. தெருவில் நிறையப் பேர் தமிழ்தான் பேசுகிறார்கள். "ஏனுங், மைசூருங்களா?" என்று கேட்டுக் கேட்டே வைஷாலியைச் சிநேகம் பிடித்துவிட்டார்கள். அவளுக்குத்தான் கன்னடம் வரும் அளவுக்குத் தமிழ் வரவில்லை.

அக்கா, எனக்குத் தெரிந்து நாங்கள் யாரிடமும் கடன் வாங்கவில்லை. இவரிடம் கேட்டேன். "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு ஏதாவது சேகரனாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுதல். எங்கள் விலாசத்தை மட்டும் அந்த ஆளிடம் சொல்லிவிடாதீர்கள். இந்தப் பள்ளிக்கூட ஆபீசில் இவர் புது ஆள். பிள்ளைகள் கட்டும் பணமெல்லாம் இவர் கையில்தான். கேஷ் பெட்டிச் சாவியும் இவரிடம்தான். தலைமையாசிரியர் ரொம்பக் கண்டிப்பு. கடன்காரன் தேடி வந்தான் என்ற பேச்சு ஒன்று போதும், இவர் வேலையில் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.

உங்கள் வீட்டு அண்ணனுக்கு என் வணக்கம். கார்லுக்கு டிப்ளமோவில் இடம் கிடைத்ததா?

பிரியமுள்ள
சொர்ணலதா


இயேசு மரி சூசை

மைசூர்
9.9.1996

அன்புள்ள லதாவுக்கு,

கார்லுக்கு இடம் கிடைத்துவிட்டது. எப்படியோ இவர் புரட்டிக் கட்டினார். அது ஒன்றுதான் நல்ல செய்தி.

நேற்று மாதா திருநாள். பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மணி அடிக்கிறது. அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டான் போலிருக்கிறது. இப்போது சர்க்கரையெல்லாம் கரைந்துவிட்டது. "அம்மாவ்ரே, சுள்ளு ஹேளபேடி" என்று என்னையே பொய் சொல்லாதே என்கிறான். என் வீட்டு ஃபோனில், என் காதில்!

வேறு சேகரனாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். நானும் அவனிடம் அப்படித்தான் வாதாடினேன். அவன் காகிதத்தைப் பார்த்து வாசித்தான். உங்கள் பழைய வீட்டுக் கதவு எண், பள்ளிக்கூட கிளார்க் வேலை, தொண்ணூற்று மூன்றில் வாங்கிய கடன், மே மாதத்திலிருந்து கட்டவில்லை. ஃபோன் என்ற இடத்தில் பின்னால் எழுதிச் சேர்த்தது எங்கள் நம்பர். இதற்கு மேல் வேறு எந்தச் சேகரன் லதா?

அப்புறம் என் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. உன்னிடம் மறைப்பானேன், தொண்ணூற்று மூன்றில் உங்கள் வீட்டில் என்னென்ன வந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். அந்த வருஷந்தான் ஸ்டீல் பீரோ வந்தது. அந்த வருஷந்தான் வைஷாலிக்குத் தோடு மாற்றினாய். அப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், அந்தப் பணமெல்லாம் எங்கேயிருந்து வந்தது?

இவருக்கும் இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மணி அடித்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுகிறார். நீங்கள் வாங்கிய கடனுக்கு என் வீட்டுக்காரர் தன் வீட்டில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. பத்து வருஷப் பழக்கத்துக்காக இத்தனை நாள் பொய் சொன்னேன். இனிமேலும் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு உண்மை தெரிய வேண்டும்.

புஷ்பக்கா


உ

ஹனூர்
17.9.1996

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு நாள் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பீரோ என் கூடப்பிறந்த அண்ணன் வாங்கித் தந்தது. தோடு என் பழைய வளையலை அழித்துச் செய்தது. நீங்களும் நானும்தான் ஆசாரி கடைக்குப் போனோம். நீங்கள்தான் மாடல் பார்த்துச் சொன்னீர்கள். உங்களுக்கு மறந்துவிட்டது போல.

அந்தக் கடனில் ஒரு ரூபாய்கூட எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது, எழுதக் கூடாதென்று இவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த தடவை மணி அடித்தால் நீங்கள் எடுக்காதீர்கள். உங்கள் வீட்டு அண்ணனை எடுக்கச் சொல்லுங்கள்.

விலாசத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள் அக்கா. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சொர்ணலதா


மைசூர்
27.9.1996

லதாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் வீட்டுக்காரரை எதற்கு இதில் இழுக்கிறாய்? அவர் எடுத்தால் மட்டும் உங்கள் கடன் அடைந்துவிடுமா? அவர் வாயில்லாத மனுஷன், பொய் சொல்லி உங்களைக் காப்பாற்றுவார் என்ற எண்ணமா? இல்லை, எனக்குத் தெரியாமல் உங்களுக்குள் ஏதாவது பேச்சு இருக்கிறதா?

கடிதத்தை அவரிடமே சத்தமாகப் படித்துக் காட்டினேன். "விடு புஷ்பம்" என்றார், அவ்வளவுதான். சாப்பிடாமல் எழுந்துவிட்டார். நல்ல மனுஷனுக்கு இப்படி ஒரு பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறதே.

சத்தியமாம், எழுதக் கூடாதாம். யோக்கியமான கடனுக்கு எதற்கம்மா சத்தியம்? ஒரு ஃபோன் பேச எங்கள் வாசலில் வந்து நின்றவர்கள் நீங்கள். அப்போது நான் முகம் சுளித்திருக்கிறேனா? அதற்கு நீ காட்டுகிற நன்றி இது.

நேற்று அவன் மறுபடியும் கூப்பிட்டான். எங்கே போனார்கள் என்று கேட்டான். ஹனூர், உயர்நிலைப்பள்ளி ஆபீஸ் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் மறைக்கவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மரியபுஷ்பம்


ஹனூர்
7.10.1996

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஆபீசுக்குள் போகவில்லை. பிள்ளைகள் எல்லோரும் வெளியே வரும் நேரமாகப் பார்த்து கேட்டில் நின்றுகொண்டு இவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அதே பள்ளியில் படிக்கிற வைஷாலி தட்டோடு அங்கேதான் நின்றாள். வீட்டுக்கு ஓடி வந்து, "அம்மா, அப்பா கள்ளனா?" என்று கேட்டாள். தலைமையாசிரியர் அன்றைக்கே கேஷ் பெட்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவ்வளவு பேருக்கு முன்னாலும் இவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப் போகிறேன். இவர் வாங்கின சத்தியம் என்னோடு போகட்டும்.

தொண்ணூற்று மூன்றில் உங்கள் அம்மா இறந்தபோது, தந்தி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகம் பார்க்க முடியவில்லையே என்று என் மடியில் படுத்து அழுதீர்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் எப்படியாவது வீட்டுக்கு ஃபோன் வாங்கிவிட வேண்டும் என்று அலைந்தார். டெபாசிட் கட்டப் பணமில்லை. பிரஸ்ஸில் வேலை செய்கிறவருக்குச் சம்பளச் சீட்டு இல்லையென்று ஃபைனான்ஸில் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். இவர் சர்க்கார் வேலை. அண்ணன் கேட்டார், இவர் தன் பேரில் வாங்கிக் கொடுத்தார். மாதா மாதம் அண்ணன் தவணையைக் கொண்டுவந்து கொடுப்பார், இவர் போய்க் கட்டுவார். நாங்கள் இங்கே வந்த பிறகு நேரே கட்டிவிடுகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். கட்டவில்லை.

புஷ்பத்துக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அந்த ஃபோனைத் தொடமாட்டாள் என்று அண்ணன் கேட்டுக்கொண்டாராம். எனக்கே போன மாதந்தான் தெரியும்.

நாங்கள் வாசலில் வந்து நின்று பேசினோமே, அது இவர் கையெழுத்தில் வந்த ஃபோன் அக்கா.

சொர்ணலதா


இயேசு மரி சூசை

மைசூர்
28.10.1996

என் லதாவுக்கு,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியாமல் மூன்று வாரம் ஓடிவிட்டது.

உன் கடிதத்தை இவர் கையில் கொடுத்தேன். படிக்கவே இல்லை. உறையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மே மாதத்திலிருந்து தவணைப் பணம் கார்லின் இடத்துக்குப் போயிருக்கிறது. அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம், அதற்கடுத்த மாதம் கட்டலாம் என்று தள்ளியிருக்கிறார். அப்புறம் வெட்கம். நான் உன்னைத் திட்டித் திட்டி எழுதினதையெல்லாம் இந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் லதா. உன் வீட்டு பீரோவைப் பற்றி நான் பேசும்போதுகூட வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷக் குடும்பத்தில் இவர் மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அதைவிட என் மேல்தான் கோபம். அவரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். எனக்கு ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. சந்தேகப்பட நீதான் கிடைத்தாய்.

போன புதன்கிழமை அந்த ஆள் கூப்பிட்டான். "சேகரன் மனே நம்பர் தானே இது?" என்று நக்கலாகக் கேட்டான். "ஹௌது, அவர மனே ஃபோனே இது" என்றேன். ஆமாம், அவர் வீட்டு ஃபோன்தான், இருங்கள், நானே வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். மறுநாள் இவரையும் இழுத்துக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போனேன். என் சீட்டுப் பணத்தை முன்னாலேயே எடுத்து முழுக் கடனையும் கட்டிவிட்டோம். ரசீது இதோடு இருக்கிறது. நடந்தது அத்தனையும் தன் கைப்பட எழுதி இவர் உங்கள் தலைமையாசிரியருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறார். நான் பக்கத்தில் நின்று எழுத வைத்தேன்.

தம்பி காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். வைஷாலியிடம் உன் அப்பா கள்ளன் இல்லை என்று நானே சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் ஹனூருக்கு வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை எழுது, முதல் பஸ்ஸில் வருகிறேன்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
புஷ்பக்கா


உ

ஹனூர்
5.12.1996

அன்புள்ள அக்காவுக்கு,

ரசீது கிடைத்தது. அண்ணன் எழுதின கடிதமும் வந்தது. தலைமையாசிரியர் இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார், சாவியைத் திருப்பிக் கொடுத்தார். இவர் வாங்கிக்கொள்ளவில்லை. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அதுவும் வந்துவிட்டது. நாளைக் காலையில் சாமான் ஏற்றுகிறோம். அதனால் ஹனூருக்கு வர வேண்டாம்.

இவருக்கு உங்கள் மேல் கோபமில்லை. அண்ணன் மேலும் இல்லை. "பாவம், புஷ்பக்காவுக்கு என்ன தெரியும்" என்றுதான் சொல்கிறார். வைஷாலியிடம் நான் சொல்லிவிட்டேன். அவள் நம்பிவிட்டாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. ஆள் வந்து கத்தினதுகூட ஒரு நாள் மறந்துவிடும். பத்து வருஷம் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தோம். அந்தப் பணம் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை என்று நான் எழுதினேன். முகம் தெரியாத ஒருவன் ஃபோனில் காகிதத்தைப் படித்தான். நீங்கள் அவனை நம்பினீர்கள்.

போகும் ஊரின் விலாசத்தை இதில் எழுதவில்லை. யாரிடமாவது கொடுத்துவிடுவீர்கள் என்ற பயத்தில் இல்லை அக்கா. எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொர்ணலதா