பாதியில் நின்ற பாட்டு

டேட்டன், ஒஹாயோ
9 செப்டம்பர் 2024

அன்புள்ள மச்சான் ஹோபர்ட்டுக்கு,

நலம்தானே? மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? சுரங்கத்தில் தின்ற தூசிக்கு டாக்டர் கொடுத்த ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டுகிறாயா, இல்லை கோழிக்கூண்டு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறாயா?

இந்த மாதம் என் கார் ஷெட்டில் நம் நாட்டுப்புறப் பாட்டு ரசிகர் வட்டம் கூடியபோது பெரிய ரகளை. டெக்சஸ் பையன் ஒருவனின் புது ஆல்பம் போட்டேன். இரண்டாம் பாட்டிலேயே வெர்னா எழுந்துவிட்டாள். "பாட்டா இது? ஷாம்பு விளம்பரம்! இவன் மாட்டைப் படத்துலயாச்சும் பாத்திருப்பானா?" என்றாள். கிளீட்டஸ் விடவில்லை. "நீ மட்டும் என்னம்மா, தினம் பால் கறந்துட்டா வர்ற? டிரம்ஸைக் கேட்டாலே உனக்கு ஆகாது" என்றான். அவள் அந்தக் குறுந்தட்டைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள்.

அது கிடக்கட்டும். லேசியின் முதல் ஆல்பம் வந்துவிட்டது, 'ஈர விறகு'. இந்தக் கடிதத்தோடு உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். தங்கச்சி மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, என் காதுக்குச் சொந்தபந்தம் கிடையாது என்பது உனக்கே தெரியும். நம் சட்டப்படிதான் கேட்டேன்: வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை யார் வந்தாலும் இறங்குவதில்லை. சட்டம் போட்ட நானே நான்காவது பாட்டில் இறங்கிவிட்டேன்.

'ஒற்றை விரல்' என்று பெயர். சமையலறையில் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அப்பாவைக் கூப்பிடு என்கிறாள். மகள் வந்து டிரக்கின் கண்ணாடியைத் தட்டுகிறாள். உள்ளே ஆல்பம் கேட்டுக்கொண்டிருக்கும் அப்பா திரும்பாமலே ஒரு விரலைத் தூக்குகிறார், கொஞ்சம் பொறு என்று. அவ்வளவுதான் பாட்டு.

மச்சான், என் தங்கை ஒலீட்டா தூக்கத்தில் போய்விட்டாள் என்றுதானே எனக்கு எழுதினாய்? இந்தப் பாட்டு நிஜமா, புளுகா? நீ சொல்வதை நம்புகிறேன்.

உன் மச்சான்
ரோலண்ட்

*

ஒயிட்ஸ்பர்க், கென்டக்கி
17 செப்டம்பர் 2024

அன்புள்ள மச்சான் ரோலண்டுக்கு,

தட்டு கிடைத்தது. லேசி எனக்கு அனுப்பவில்லை. கிறிஸ்துமசுக்கு ஒரு போன், அத்தோடு சரி என்றாகிவிட்ட பிறகு அனுப்புவாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பாட்டு நிஜம். உனக்கு எழுதியதுதான் புளுகு. உன் தங்கையைச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில், தரையில்தான் பார்த்தேன். மலையைச் சுற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னாலேயே கூப்பிட்டிருந்தாலும் பிழைத்திருப்பாளா என்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். அதைச் சாக்காக நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ அண்ணன், உனக்குத் தெரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

ஆல்பத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டாய். இரண்டாம் பாட்டுக்கு டிரம்ஸ் எதற்கு? வெர்னாவிடம் சொல், அவள் பக்கம் நானும் இருக்கிறேன். ஸ்டீல் கிட்டார் வாசித்தவனுக்கு நல்ல கை. ஆறாவதை நாஷ்வில் ஸ்டூடியோக்காரர்கள் சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்துவிட்டார்கள். நான்காவதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. அதுதான் இதில் இருப்பதிலேயே நல்ல பாட்டு. என் பெண் என்பதால் சொல்லவில்லை.

உன்
ஹோபர்ட்

*

டேட்டன்
6 அக்டோபர் 2024

மச்சான் ஹோபர்ட்டுக்கு,

உடனே பதில் எழுதியிருந்தால் வாய்க்கு வந்ததை எல்லாம் எழுதியிருப்பேன். அதனால்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை. என் தங்கை அடுப்படியில் விழுந்து கிடந்தாள், நீ வாசலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய். இதை இத்தனை வருஷம் கழித்து ஒரு குறுந்தட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. ஒலீட்டா போவதற்கு முந்தின கிறிஸ்துமசுக்கு உனக்கு ஓர் ஆல்பம் அனுப்பினேன், ஓக்லஹோமாக்காரர்கள் போட்டது, கடைசிப் பாட்டில் பிடில் மட்டும் நீளமாக வாசிப்பார்களே, அது. நீ கேட்டுக்கொண்டிருந்தது அதுதானே? பதில் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரிகிறது. தட்டும் என்னுடையது, இறங்காதே என்ற சட்டமும் என்னுடையது. உன்னை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ரசிகனாக எனக்கு ஒரு குறை இருக்கிறது. நம் வட்டம் அச்சடித்து எல்லோருக்கும் அனுப்புகிற தாளில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன்:

'விரலைத் தூக்கிய அப்பா நமக்கு நன்றாகத் தெரிகிறார். தட்டிய பெண் அடுத்து என்ன செய்தாள்? திரும்பி ஓடினாளா, அங்கேயே நின்றாளா? அப்பாவைக் கூண்டில் ஏற்றிவிட்டு அவள் நழுவிவிடுகிறாள். இது பாதியில் நின்ற பாட்டு. மீதியைப் பாடும் துணிச்சல் வரும்போதுதான் லேசி காடில் பெரிய பாடகி.'

சனிக்கிழமை தபாலில் போடுகிறேன். லேசிக்கும் ஒரு பிரதி போகிறது. சின்ன வயதிலிருந்தே என் பேச்சுக்கு மரியாதை கொடுக்கிற பெண், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

ரோலண்ட்

*

ஒயிட்ஸ்பர்க்
10 அக்டோபர் 2024

அன்பு மச்சானுக்கு,

அந்தப் பத்தியை எடுத்துவிடு.

கல்யாணம் ஆன நாளிலிருந்து உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். என்னைத் திட்டி ஒரு பக்கம் வேண்டுமானாலும் எழுது. பெயர் போட்டு எழுது. வெர்னா சொல்வதை எல்லாம் சேர்த்துக்கொள், எனக்கு ஒன்றும் இல்லை. பாட்டு மட்டும் விரலோடு முடியட்டும். அது எங்கே முடியவேண்டுமோ அங்கேதான் முடிகிறது.

பழி என் தலையில் இருக்கிறது. அங்கேயே கிடக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது. ஏன் என்று கேட்காதே. லேசிக்கு அந்தத் தாளை அனுப்பாதே, மச்சான். உன் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்.

ஹோபர்ட்

*

டேட்டன்
18 நவம்பர் 2024

அன்புள்ள ஹோபர்ட்டுக்கு,

உன் கடிதம் வரும்போது தாள் போய்விட்டிருந்தது. உண்மையைச் சொன்னால், போகாமல் இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். மிச்சமிருக்கிற மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாய் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்ணே சொல்லட்டும் என்று எனக்குக் கோபமும் இருந்தது.

சனிக்கிழமை லெக்சிங்டனில் அவள் கச்சேரி. வட்டத்தோடு போயிருந்தேன். உனக்கு டிக்கெட் அனுப்பினேன், நீ வரவில்லை. நல்லவேளை.

நான்காவது பாட்டுக்கு முன்னால் அவள் மைக்கில் சொன்னாள்: "எங்க மாமா ஒருத்தர் எழுதியிருந்தார், இந்தப் பாட்டு பாதியில நிக்குதுன்னு. அவர் காது தப்பே சொல்லாது. அதனால மீதியையும் எழுதிட்டேன்."

வெர்னா என் விலாவில் இடித்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மச்சான். இதை உனக்கு எழுதக் கை கூசுகிறது.

புது அடியில் அந்தப் பெண் திரும்பி ஓடவில்லை. அப்பா விரலைத் தூக்குகிறார், உள்ளே பிடில் ஆரம்பிக்கிறது. அப்படி ஒரு பிடிலை அவள் அதுவரை கேட்டதே இல்லை. டிரக்கின் கதவில் சாய்ந்துகொள்கிறாள். சமையலறையில் அம்மா காத்திருக்கிறாள். பாட்டு முடியட்டும் என்று மகளும் நிற்கிறாள். முடிந்த பிறகுதான் கதவைத் திறக்கிறாள்.

பாடி முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. கிளீட்டஸ் தொப்பியைக் கழற்றிவிட்டான். இன்னும் பாட்டுகள் இருந்தும் அவள் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள். பின்னால் ஓடினேன். பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்ப பாட்டு முடிஞ்சிருச்சா, மாமா?" என்று கேட்டாள்.

வெறும் பாட்டைப் பற்றித்தான் எழுதினேன் என்று சொல்ல நினைத்தேன், அதைச் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

மீதி ஊர்க் கச்சேரிகளை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். போனை எடுப்பதில்லை. அவள் அங்கே நின்றது உனக்கு முன்பே தெரியுமா?

ரோலண்ட்

*

ஒயிட்ஸ்பர்க்
2 டிசம்பர் 2024

ரோலண்டுக்கு,

தெரியும்.

டிரக்கின் பக்கக் கண்ணாடியில், பின்னால் வருவதைப் பார்ப்போமே அதில், அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கதவில் சாய்ந்து நின்றாள். காலால் தாளம் போட்டாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அதுவரை நான் கேட்கிற பாட்டை எல்லாம் கிழட்டுப் பாட்டு என்று கேலி செய்வாள். அன்றைக்கு நின்று கேட்கிறாளே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கதவுக் கண்ணாடியை இறக்கினால் போய்விடுவாளோ என்று இறக்கவில்லை. அவசரம் என்றால் கத்துவாள் என்று நினைத்தேன். அவசரம் என்று அவளுக்கும் தெரியவில்லை.

நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. தெரியவே கூடாது என்று இருந்தேன். அப்பாவால்தான் என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தவரை அவளால் சாப்பிட முடிந்தது, பாட முடிந்தது. அந்தப் பாட்டைக் கேட்டபோது, பரவாயில்லை, தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். நீ போய் மீதியைக் கேட்டாய்.

போன வியாழக்கிழமை வந்தாள். மக்காச்சோள ரொட்டியும் பீன்ஸும் வைத்துக் கொடுத்தேன், தொடவில்லை. வாசலுக்குப் போய் டிரக்கின் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, அன்னைக்கு நான் இங்க நின்னதை நீங்க பாத்தீங்களா?"

"இல்லம்மா. நான் நேரா மலையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் குனிந்து அந்தப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது என்று உன் தங்கை எப்போதும் சொல்வாள். பெண்ணுக்கும் அது தெரியும். கிட்டாரை டிரக் சீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பைக்வில்லில் ஏதோ கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

இனிமேல் எனக்குத் தட்டு எதுவும் அனுப்பாதே. டிரக்கில் இருந்த பாட்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டேன். கடிதமும் வேண்டாம். ஒலீட்டாவின் கல்லறையில் புல்லை நான் வெட்டிக்கொள்கிறேன், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

பாட்டு முடிந்துவிட்டதா என்று அவள் உன்னைத்தான் கேட்டிருக்கிறாள். அவளுக்கு எழுது. என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

ஹோபர்ட் காடில்