இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே ஒரு தேநீர்ப் பாத்திரம்

ஸ்கெல்பி, யார்க்‌ஷையர்
திங்கட்கிழமை, மழை

அன்பு மகள் லினெட்டுக்கு, சித்தப்பா ஆம்ப்ரோஸ் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி மியூரியலும், சித்தியின் இடது முழங்கால் ஒன்றைத் தவிர, முழு நலம். அங்கே லாஸ் ஏஞ்சலீஸ் வெயிலில் நீ நலமாக இருப்பாய், உன் பற்களும் பிறந்த நிறத்திலேயே இருக்கும் என்று நம்புகிறேன். அந்த ஊரில் பல்லுக்கு வெள்ளையடிப்பார்களாம். பிக்கர்ஸ்கில் குடும்பத்துப் பல் நானூறு வருஷமாக இந்தத் தேநீர் நிறம்தான், அதில் கை வைக்காதே.

முதலில் என் வலது கையை நெஞ்சில் வைத்து ஒரு சத்தியம் செய்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. பாதிரியார் நம்ப மாட்டார், போலீஸ் நம்பாது, உன் சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அவளே நம்பவில்லை. நீயும் நம்ப வேண்டாம், கடைசி வரை படித்தால் போதும்.

கதைக்கு முன்னால் வீட்டுச் சேதி. உன் அறையில் சித்தி தக்காளி நாற்று வளர்க்கிறாள், அவை என்னைவிட உயரமாகிவிட்டன, கதவைத் திறந்தால் முறைக்கின்றன. கூரைத் தண்ணீர்க் குழாய் மறுபடி உடைந்தது. எதிர்வீட்டு நாய் தபால்காரரைக் கடித்ததில் இரண்டு வாரம் தபால் வரவில்லை, அதனால்தான் உன்னிடமிருந்து கடிதம் இல்லை என்று பத்து நாள் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு நாய்க்கு நல்ல புத்தி வந்துவிட்டது, உன் கடிதம்தான் வரவில்லை. போனும் இல்லை. ஏழு வாரம். அண்ணனும் அண்ணியும் இறந்துபோன வருஷம், ஒன்பது வயதில், ஒரு பெட்டியும் ஒரு முயல் பொம்மையுமாக நீ இந்த வீட்டுக்கு வந்தாய், அன்றிலிருந்து இவ்வளவு நாள் உன் சத்தம் இல்லாமல் இந்த வீடு இருந்ததில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த அமெரிக்க டிவி நாடகத்துக்கு நீ எழுதிய அத்தியாயத்திலிருந்து ஒரு வரியை ஆசையாகப் போனில் படித்துக் காட்டினாய். அதில் ஒஹாயோவில் கார் பட்டறை வைத்திருக்கும் ஒரு அப்பா, தூரத்திலிருக்கும் மகளிடம் போனில், "நீ இல்லாம வீடு வீடாவே இல்லம்மா, உன்னத் தேடுது" என்கிறார். நான் என்ன சொன்னேன்? "எந்த அப்பன்டி இப்படிப் பேசுவான்? கூலிக்கு அழ வந்தவனா அவன்?" என்றேன். நீ, "அங்க நம்ம வீட்டுல பேச மாட்டாங்க சித்தப்பா, அது எனக்குத் தெரியும்" என்று போனை வைத்துவிட்டாய். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு மரியாதையாக வைத்தாய்.

எனக்குக் கோபம். உன் மேல் இல்லை, அமெரிக்கா மேல். நம் நாட்டு டிவி நாடகம் எப்படிப்பட்டது! ஒருவர் உட்கார்ந்து எழுதுவார், ஆறு வாரம், முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். மனைவி விட்டுப்போன துப்பறியும் அதிகாரி ஒருவர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நான்கு நிமிஷம் கடலைப் பார்ப்பார், அந்த நான்கு நிமிஷத்தில் அவர் வாழ்க்கை பூராவும் நமக்குப் புரியும், அவர் என்ன நினைக்கிறார் என்று மட்டும் புரியாது. போன மாதம் கொலை செய்தவர் இந்த மாதம் பாதிரியாராக வருவார், ஏனென்றால் நாட்டில் மொத்தம் பன்னிரண்டு நடிகர்கள். விளக்குப் போட மறந்துவிட்டு எடுப்பார்கள், இருட்டில் யார் யாரைக் குத்தினார்கள் என்று அடுத்த நாள் ரொட்டிக் கடையில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். அதுதான் கலை. அங்கே நீங்களோ வருஷத்துக்கு இருபத்திரண்டு அத்தியாயம், ஒரு மேஜையைச் சுற்றிப் பதினொரு பேர் உட்கார்ந்து எழுதுகிறீர்கள், நீயே சொன்னாய். ஆஸ்பத்திரியில் நோயாளியைவிட டாக்டர் அழகு, தூங்கி எழுந்தவள் உதட்டில் சாயம் அப்படியே இருக்கிறது, சோப்பு விளம்பரம் வரும் நேரம் பார்த்துக் கூரை இடிகிறது, செத்தவன் ஏழாம் வருஷம் இரட்டைப் பிறவியாகத் திரும்பி வருகிறான். எல்லாவற்றுக்கும் மேலே, மனதில் இருப்பதையெல்லாம் வாயால் சொல்லிவிடுகிறார்கள். கடைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. இதையெல்லாம் நான் பௌல்ஸ் மன்றத்தில் புல்தரையில் பந்து உருட்டிக்கொண்டே சொன்னேன். ரிட்டையரான பஸ் டிரைவர் கிளமென்ட் பேக்‌ஷாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆம்ப்ரோஸு, நம்ம நாடகத்தப் பாத்து நான் நாலு தடவ தூங்கியிருக்கேன், அமெரிக்காக்காரன் என்னய ஒரு தடவயாவது தூங்க விட்டானா கேளு" என்றார். சரி, ஒரு கை பார்த்துவிடலாம் என்றேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் எதிர்பார்த்தபடி மழை. ஆட்டம் கிடையாது. முப்பத்தொரு உறுப்பினர்களும் மன்றக் கொட்டகையில் நனைந்த கோட்டோடு உட்கார்ந்தோம். ஓட்டெடுப்பு எப்படி நடத்துவது என்று ஒத்திகை பார்த்தோம். இங்கிலாந்து நாடகம் பிடித்தவர்கள் கை தூக்கச் சொன்னால் முப்பத்தொரு கை. அமெரிக்க நாடகம் என்றால் அதற்கும் முப்பத்தொரு கை, யார் மனதும் நோகக் கூடாதாம். நம் ஊர்க்காரர்கள் வாயிலிருந்தும் கையிலிருந்தும் உண்மையை வாங்க முடியாது, உனக்குத் தெரியாததா. எரிந்துபோன கேக்கைக்கூட இரண்டாவது துண்டு கேட்டு வாங்கித் தின்பார்கள். அப்போதுதான் என் மூளையில் மின்னல் வெட்டியது. மன்றத்தின் தேநீருக்கு மகாராணி ஆட்ரி ஸ்னெய்த், அவளுடைய நாற்பது கோப்பைப் பாத்திரம் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். நாடகம் அலுத்தால் இந்த ஊர்க்காரன் என்ன செய்வான்? திட்ட மாட்டான், தேநீர் எடுக்க எழுந்து போவான். எந்த நாடகத்துக்குக் குறைவான கோப்பை ஓடுகிறதோ அதுதான் உயர்ந்த நாடகம் என்று அறிவித்தேன். கை தட்டினார்கள். அதுவும் மரியாதைக்காக இருக்கலாம்.

இனி நம்ப முடியாத பகுதி, அதற்கடுத்த ஞாயிறு, போட்டி நாள், மறுபடி மழை. நான் நேர்மையானவன் என்று இந்த ஊரே சொல்லும், அதனால்தான் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. இங்கிலாந்து நாடகத்துக்கு முன்னால் எல்லாருக்கும் வெள்ளரிக்காய் சாண்ட்விச் கொடுத்தேன், தொண்டைக்குக் குளிர்ச்சி. அமெரிக்க நாடகத்துக்கு முன்னால் கொடுக்க, புகைபோட்ட ஹெர்ரிங் மீன் சாண்ட்விச் அறுபது, அதில் வெண்ணெய்க்குச் சமமாக உப்பு. வடகடலில் அன்று காலை உப்பு குறைந்துபோனதாக மீனவர்கள் பேசிக்கொண்டார்கள். வெள்ளரிக்காய் தின்றும்கூட நம் துப்பறியும் அதிகாரி கடலைப் பார்க்க ஆரம்பித்ததும் பதினோரு பேர் எழுந்துவிட்டார்கள். அவர் பார்த்து முடிப்பதற்குள் ஆட்ரி பாத்திரத்தைக் கழுவி மறுபடி நிரப்பிக் கொதிக்க வைத்துவிட்டாள். மொத்தம் முப்பத்து நான்கு கோப்பை. பேக்‌ஷா என்னைப் பார்த்துப் பல்லை இளித்தார். நான் கவலைப்படவில்லை, மீன் இருக்கிறது. அவரே ஐந்து சாண்ட்விச் தின்றார்.

பேக்‌ஷா மேலுறையில் பேரில்லாத ஒரு டிவிடி தட்டைப் போட்டார். முதல் காட்சி, ஒரு கார் பட்டறை. அடுத்துத் திரையில் எழுத்து ஓடியது. எழுதியவர் லினெட் பிக்கர்ஸ்கில். மகளே, என் இதயம் நின்று, கீழே இறங்கி, கோட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தது. கடிதம் ஏதும் வைக்காமல் நீ சித்திக்கு அனுப்பிய தட்டை அவள் எனக்குக் காட்டாமல் பேக்‌ஷாவிடம் கொடுத்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தேன், "நீ பாக்க மாட்டேன்னு அடம்பிடிச்ச, அதான் ஊரோட சேத்துப் பாக்க வெச்சேன்" என்றாள், பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று பார். முப்பத்தொரு தொண்டையில் உப்பை ஏற்றிவிட்டு, உன் பெயருக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். ஒருவர் எழுந்தால் அத்தனை பேரும் எழுவார்கள், என் மகள் எழுதியதை விட்டுவிட்டுத் தேநீருக்கு வரிசை நிற்பார்கள், அதையும் நானே எண்ணி உரக்க அறிவிக்க வேண்டும்.

குனிந்து நழுவி ஆட்ரியிடம் போனேன். பாத்திரத்தில் தவளை இருக்கிறது என்று காதில் சொன்னேன். "எம் பாத்திரத்துலயா? உன் தலைக்குள்ள பாரு!" என்றாள். பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன், கொதிக்கிறது, கோட்டு புகைகிறது, அதையும் பொறுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினேன். "ஆம்ப்ரோஸு, அத கீழ வெக்கல, உன்ன மன்றத்த விட்டே தூக்கிடுவேன்!" என்று கரண்டியோடு துரத்தினாள். அவள் ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் இழுக்க, கொட்டகையை மூன்று முறை சுற்றி வந்தோம், இரண்டாவது சுற்றில் கூரை வழியாக. மூச்சு வாங்க நின்றபோதுதான் கூட்டத்தைப் பார்த்தேன். எங்கள் இருவரையும் ஒரு ஆளும் திரும்பிப் பார்க்கவில்லை. ரொட்டிக் கடைக்காரரின் உதடு கோடைக் குளம் மாதிரி வெடித்திருந்தது. பாதிரியார் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நாக்கை விடுவிக்க விரலைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். ஒருவர் ஜன்னலில் வழிந்த மழையை, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, நக்கிக்கொண்டிருந்தார். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. திரை பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கறுத்தது, உங்கள் ஊரில் சோப்பு விளம்பரம் வரும் இடம், அப்போதாவது எழ வேண்டாமா, இல்லை. ஆட்ரிகூடக் கரண்டியை இறக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

அந்த அப்பா பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, கையில் இருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டு, போனை எடுத்து, எண்ணை அழுத்தாமல் கொஞ்ச நேரம் நின்றார். அந்த நிற்பு நம் ஊர் நிற்பு, லினெட், அது ஒஹாயோவில் கிடைக்காது, அதை நீ இங்கிருந்து எடுத்துப் போயிருக்கிறாய். பிறகு அந்த வரியைச் சொன்னார். தன் பஸ்ஸை ஏலம் விட்ட நாளில்கூட அழாத பேக்‌ஷா அழுத அழுகையில் புல்தரை மூழ்கியது, இப்போது அங்கே வாத்துகள் இருக்கின்றன, அவற்றிடம் மன்றச் சந்தா கேட்டிருக்கிறோம். முடிந்ததும் எண்ணினோம். முப்பத்து நான்குக்குப் பூஜ்யம். யாரும் நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை, அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் வானத்தைப் பார்த்தார்கள், பாதிரியார் மட்டும், "அடுத்த ஞாயித்துக்கிழமையும் பெஞ்சா தேவல" என்றார். பௌல்ஸ் ஆடுகிற மனிதன் மழை கேட்டது இந்த நாட்டுச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

இனி புத்திமதி. ரோட்டில் வலது பக்கம் ஓட்டுகிறார்கள் என்பதைத் தினமும் காலையில் ஒருமுறை நினைத்துக்கொள். பதினொரு பேர் மேஜையில் மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை காத்திராதே, அவர்கள் முடிக்க மாட்டார்கள். இரண்டு வேளையாவது சூடாகச் சாப்பிடு. கார் பட்டறைக்காரரை ஏழாம் வருஷம் சாகடித்து இரட்டைப் பிறவி கொண்டுவந்தால் நான் விமானம் ஏறி வருவேன். உன் சித்தி அன்பும் முத்தமும் சொல்லச் சொன்னாள், தக்காளி பழுத்ததும் உன் அறையைக் காலி செய்துவிடுவாளாம், கிறிஸ்துமஸுக்கு வா. கடவுள் உன்னையும் உன் பேனாவையும் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மத்தியானம் மூன்று மணிக்குப் போன் பக்கத்திலேயே இருப்பேன், மறந்துவிடாதே.

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன், ஒரு வார்த்தை நம்பும்படி இல்லை. முப்பத்தொரு பேர் வரவில்லை, போட்டியே நடக்கவில்லை, மீனில் உப்புச் சரியாகத்தான் இருந்தது, ஆட்ரியின் பாத்திரத்தை நான் தூக்கினால் என் முதுகு என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். ஞாயிறு மத்தியானம் நானும் சித்தியும் மட்டும், நம் வீட்டுச் சோபாவில், நீ அனுப்பிய தட்டு. அவ்வளவுதான். மான்செஸ்டர் விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிக்கொண்டபோது, அமெரிக்கச் சுவரில் பொருந்தும் பிளக் எடுத்து வைத்தாயா என்று கேட்டவன் நான், நேரில் இன்னும் அப்படித்தான் கேட்பேன். ஆனால் இந்தக் கதையில் ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. நீ எழுதிய வரியை அந்த மனிதர் சொன்னார். உலகத்தில் எந்த அப்பனும் அப்படிப் பேச மாட்டான் என்று நான் சொன்ன வரி. அவர் சொல்லி முடிக்க, அதை நான் வாய்விட்டு ஒருமுறை சொன்னேன். சித்தியின் காதில் விழுந்தது, பின்னுவதை நிறுத்திவிட்டாள்.

உன்னைத் தேடும்,
சித்தப்பா ஆம்ப்ரோஸ்