உங்கள் காருக்குப் புதுப் புஷ் போட்டாயிற்று

என்ரை, என்ரை மட்டுமேயான அன்பருக்கு,

நான் உங்கள் காரை விற்கப்போகிறேன் என்று ஊரில் கதைக்கிறார்கள். பிழை. உங்கள் மேலுள்ள பாசத்தில் அதைத் திருத்துகிறேன் என்று கோயிலடியில் சிலர் உருகுகிறார்களாம். அதுவும் பிழை. உண்மையான காரணத்தை உங்களுக்கு எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும்.

உங்கள் முதலாம் ஆண்டுத் திவசத்தன்று சமையல் பாத்திரங்களோடு லொறி வந்தது. பந்தலுக்கு இடம்விடத் தள்ளிவைத்த உங்கள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாசல் படலையை மறித்து நின்றது. என் தம்பி ஏறி ஸ்டார்ட் பண்ணினான். கியர் தடி கூழ்ப்பானைக்குள் அகப்பை மாதிரி ஆடியதே தவிர, ரிவேர்ஸ் விழவில்லை.

அப்போதுதான் கரவெட்டியிலிருந்து வந்த பரிமளம் எழும்பினார். உங்கள் உரித்து மச்சாள். நான் குறுக்கே வந்திராவிட்டால் நீங்கள் கட்டியிருக்க வேண்டியவர்.

"இறங்குங்கோ தம்பி. உது நேரை போகாது. இடப்பக்கம் அமத்தி, ஒருக்கால் தூக்கி, பிறகு பின்னுக்கு."

சொன்னபடியே செய்தார். கார் பசுப்போலப் பின்னுக்குப் போனது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆர் பழக்கினது?" என்று கேட்டேன்.

"அத்தான்தான். அம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோன காலத்திலை. உங்களுக்குச் சொல்லேல்லையே அக்கா?"

பரிமளத்தின் தாயை, உங்கள் அத்தையை, நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எனக்குத் தெரியும். பலகாரம் சுட்டுக் கொடுத்துவிட்டவளே நான்தான். ஆனால் அந்தக் காரில் இருப்பது இரண்டு சீட். நீங்கள் ஒன்றில், பரிமளம் ஒன்றில். அப்படியென்றால் அத்தை எங்கே இருந்தவ?

நான் ஓட்டிப் பார்க்கக் கேட்டபோதெல்லாம் என்ன சொன்னீர்கள்? "உந்தக் கியர் பொம்பிளையளின்ரை கைக்கு வழங்காது." பொம்பிளையள் என்று பன்மையில் சொன்னீர்களே.

மறுநாளே உங்கள் மெக்கானிக் செல்லத்துரையை அச்சுவேலியிலிருந்து கூப்பிட்டேன். காருக்குக் கீழே படுத்து, கியர் தடியைக் கியர்ப் பெட்டியோடு இணைக்கிற கம்பியின் மூட்டுகளிலிருந்து சில வளையங்களைக் கழற்றிக் காட்டினார். சப்பித் துப்பிய பாக்குப் போலிருந்தன.

"புஷ் தேஞ்சுபோச்சு அம்மா. அதுதான் இந்த ஆட்டம். புதுசு போட்டால் தூக்கவும் வேண்டாம், அமத்தவும் வேண்டாம்."

"பழைய பழக்கத்திலை ஒருவர் தூக்கி இழுத்தால்?"

"ஒண்டும் விழாது."

"அப்ப உடனை போடுங்கோ."

கடைகளில் சாமான் இல்லாத காலம். நைலோன் கட்டையை லேத்தில் கடைந்து கொண்டுவந்து போட்டார். இப்போது கியர் வெண்ணெய்க்குள் கத்தி மாதிரிப் போகிறது. கையைத் துடைத்துக்கொண்டு செல்லத்துரை வேறொன்றும் சொன்னார்.

"உதை மாத்துவம் எண்டு ஐயாவிட்டை எத்தினை தரம் கேட்டனான். 'இருக்கட்டும்' எண்டிட்டார்."

ஏன் இருக்கட்டும்? ஒருவரின் கைக்கு மட்டும் தெரிந்த கியர் உங்களுக்கு எதற்கு?

நான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் கியர்வரை வந்துவிட்டேன். ஒன்று சத்தியம். கரவெட்டிக்கு நானே ஓட்டிப்போய், பரிமளத்தின் படலையில் நிறுத்தி, ஹோர்ன் அடித்து, அவர் வெளியே வந்து பார்க்க ஒரே கையால் ரிவேர்ஸ் போட்டுத் திரும்புவேன். இறங்கமாட்டேன். தேத்தண்ணியும் குடிக்கமாட்டேன்.

கனவில் வந்து சிரித்து மழுப்ப வேண்டாம். நான் கேட்டவற்றுக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

உங்களைக் கைப்பிடித்த ஒரே மனைவி,
இராசமணி