ஆக்லாந்துக்கு இருபது மணி நேரம்

அன்பு மகள் ஆர்ஷாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் ஷிபினும் பிள்ளையும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்யட்டும், இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய், கட்டிலில் கிடந்தபடியே அப்பா எல்லாவற்றையும் கேட்கிறார், குரலைத் தாழ்த்தினால் இன்னும் கவனமாகக் கேட்கிறார், அதனால் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் பிரசவத்துக்குப் புறப்பட்டவள் ஏர்போர்ட்டிலிருந்து ஏன் திரும்பினேன் என்று கேட்டாய், உடம்பு முடியவில்லை என்றுதான் அன்று சொல்ல முடிந்தது. நடந்தது வேறு. ஹோம் நர்ஸ் ஜெயஷீலா நல்லவள், அப்பா அவள் கையால் கஞ்சி குடிக்கப் பழகியிருந்தார், அந்தத் தைரியத்தில்தான் கிளம்பினேன். பக்கத்து வீட்டு சுவாமிதாஸ் அண்ணன் காரில் கொண்டுவிட்டார். பெட்டியைக் கொடுத்து போர்டிங் பாஸும் வாங்கியாயிற்று. கவுண்டரில் இருந்த பெண்ணிடம், ஆக்லாந்து எவ்வளவு தூரம் மோளே என்று கேட்டேன். பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல வரும் அம்மா, சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம், அங்கேயிருந்து பத்து, நடுவில காத்திருக்கிறதையும் சேர்த்தா இருபது ஆகும் என்றாள். இருபது மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட முடியாது என்று நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

அதற்குள் ஜெயஷீலா கூப்பிட்டுவிட்டாள். அக்கா, நீங்க வீட்டுல இருந்து எறங்கினதுல இருந்து சார் கஞ்சிக்கு வாயே தொறக்கல்ல கேட்டோ, மருந்தையும் துப்புறாரு, எனக்குப் பேடியா இருக்கு என்று பயந்து அழுதாள். நான் வானத்தில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் எங்கே இறங்கி எப்படித் திரும்புவேன்? பெட்டியைத் திருப்பி வாங்க அங்கே இருந்தவர்கள் காலில் விழாத குறைதான். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா, வந்தியா என்றார். இப்போது அவருக்கு வாயில் வரும் சொற்களே கொஞ்சம்தான். பிறகு மாத்திரையை விழுங்கினார், தோசை கேட்டு வாங்கித் தின்றார். ஜெயஷீலா சிரித்துவிட்டாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயத்தில்தான் அப்படிச் செய்தார் என்று தெரியும் மக்ளே, எழும்ப முடியாத மனுஷன், நான் வராமலே போய்விடுவேன் என்று நினைத்திருப்பார். ஆனால் அன்றிலிருந்து முற்றத்தில் துணி காயப்போடப் போனால்கூட எலிசாளே எலிசாளே என்று கூப்பிடுகிறார். ஆராதனைக்குப் போயே ஒரு மாதமாகிறது. வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்கள், இப்படி ஒரு பாசம் யாருக்குக் கெடைக்கும், நீ பாக்கியசாலி என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் கேட்டைத் தாண்டும்வரை நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ இங்கே வருகிறேன் என்கிறாய், பச்சைப் பிள்ளையோடு அவ்வளவு தூரம் வேண்டாம். உனக்கு இடுப்பு வலி இருந்தால் வெந்நீர் ஊற்று, ராத்திரி பிள்ளை அழுதால் ஷிபினும் எழும்பட்டும். டிசம்பருக்கு மறுபடி டிக்கெட் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போனில் நீ எத்தனை தடவை கேட்டாலும் வேண்டாம் என்றுதான் என் வாயில் வரும். நீ அதைக் காதில் வாங்காதே, டிக்கெட்டைப் போடு.

கர்த்தர் உங்கள் மூவரையும் தம் செட்டைகளுக்குள் மூடிக் காப்பாராக. பிள்ளைக்கு என் முத்தம்.

உன் அம்மா,
எலிசாள்