வாசலில் ஓர் அம்மைப் பலகை

மே 2

அம்மாவோடு மறுபடியும் சண்டை. மாதம் தவறாமல் படகேறி செபு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீமோ ஏற்றிக்கொள்கிறாள். பை பையாக மருந்து. வாயே திறப்பதில்லை. சுண்டுவிரல் நீள ஃப்ளூ ஊசி என்றால் மட்டும் பத்ரகாளி.

"உடம்புல ஏற்கெனவே விஷம் ஓடுது. இன்னொண்ணு எதுக்குடி?"

கொரோனா ஊசி போட்ட பிறகுதான் மார்பில் கட்டி வந்ததாம். "அதுக்கப்புறம்தான் நம்ம நாயும் குட்டி போட்டுச்சு. அதுவும் ஊசியாலதானா?" என்றேன். செருப்பு பறந்து வந்தது. கீமோ ஏறிய கை, குறி தப்பவேயில்லை.

மே 5

சுகாதார நிலையத்து நர்ஸ்: "கேன்சர் டாக்டரைக் கேட்டுட்டு வாங்க."

அம்மா: "தேவைன்னா அவரே சொல்லியிருக்க மாட்டாரா? வெளிய எத்தனை பேர் காத்திருக்காங்க! அவர் நேரத்தை நான் தின்னணுமா?"

டாக்டர் சொல்ல மாட்டார். அம்மா கேட்க மாட்டாள். நடுவில் முட்டிக்கொள்ளச் சுவர் இருக்கிறது, என் தலை இருக்கிறது.

மே 8

திருவிழா நெருங்குகிறது. அன்றைக்கு எங்கள் ஊரில் எந்தக் கதவும் சாத்தியிருக்காது. பஸ்ஸில் ஊர் மாறி இறங்கியவன்கூட நுழைந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். தெருவே இருமிக்கொண்டிருக்கிறது. போன மாதம் வெறும் சளிக்கே அம்மா மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். அவள் மறந்துவிட்டாள். நான் எப்படி மறப்பது?

"இந்த வருஷம் மட்டும் கதவைச் சாத்திடலாம்மா."

"நான் செத்தா சாத்து."

மே 10

யோசனை வந்துவிட்டது. பெயிண்டும் வந்துவிட்டது.

மே 11

திருவிழா நாள். அம்மா எழுவதற்குள் வாசலில் பலகையை மாட்டினேன்: 'இந்த வீட்டில் அம்மை. உள்ளே வராதீர்கள்.' அம்மா இருக்கும் வீட்டில் அம்மை! என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பலித்தது. ஈ காக்கைகூட வரவில்லை.

அம்மா விக் வைத்து, உதட்டுச் சாயம் பூசி, விருந்துக்குச் சுட்ட முழுப் பன்றிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம். பிறகு மெதுவாகக் கேட்டாள். "என் நோய் தொத்திக்கும்னு பயப்படறாங்களோ?"

இது என் கணக்கிலேயே இல்லை. சொல்லிவிடலாமா?

அப்போதுதான் தெருவிலிருந்து அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் தாசிங் அக்காவின் குரல். கீமோ அறையில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி.

"பிலார்! அம்மைன்னா நான் உள்ள வர முடியாதும்மா. என்னைக் கொன்னுடும்!"

அம்மா ஓடினாள். பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பொய் தாசிங்! இந்தக் குரங்கோட வேலை!"

தாசிங் அக்கா அப்போதும் மாஸ்கோடு வெளியிலேயே நின்றாள். "சரி, அம்மை பொய். ஃப்ளூ? வீட்ல எல்லாரும் ஊசி போட்டாச்சா? நீ?"

"டாக்டர் ஒண்ணும் சொல்லலையே."

"என்கிட்ட மட்டும் சொன்னாரா? நான் கேட்டேன். தாராளமா போட்டுக்கோங்கன்னார். கேட்டா கடிச்சிடுவாரா?"

உள்ளே வரவேயில்லை. குடை பிடித்தபடி தெருவில் நின்றே சாப்பிட்டாள். அம்மா வாசல் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று தட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் பலகை என் முதுகில் இறங்கியது. நான் ஓடவில்லை.

மே 16

கேட்டுவிட்டாள்!! டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "இன்னுமா போடல?" என்றாராம்.

இன்னுமாவாம்! யோவ்! நீ சொன்னாயா?

மே 17

வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொள்ள வேண்டுமாம். "மொதல்ல இவளுக்கு" என்று அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். நான் போட்ட கூச்சலைப் பற்றி எழுதப்போவதில்லை. தன் முறை வந்தபோது அம்மா மூச்சுகூட விடவில்லை.

மே 30

தாசிங் அக்கா ஊர்த் திருவிழா. அம்மாவும் அவளும் முற்றத்தில், காற்றோட்டமாக, பலா மரத்தடியில் உட்கார்ந்தார்கள். தாசிங் அக்காவின் தம்பி இருமிக்கொண்டே மொறுமொறுவென்று சுட்ட பன்றித் தோலை நீட்டினான்.

அம்மா வாங்கவில்லை. "ஃப்ளூ ஊசி போட்டியாடா?"

"எனக்கு எதுக்குக்கா? கல்லு மாதிரி இருக்கேன்."

"உனக்கு இல்லடா," என்றாள் அம்மா. "எனக்கு."