பால் பொங்கிய வீடு

பெப்ரவரி 8, ஞாயிறு. குவேக்கர்ஸ் ஹில்.

மகள் மதுரா இன்று ஜப்பானில் வீடு மாறிவிட்டாள். பனிச்சறுக்கு விளையாட வெளிநாட்டவர் வந்து குவியும் ஊர் அது. ஒரேயொரு குளிர்காலம் என்று சொல்லித்தான் அங்கே ஹோட்டல் வேலைக்குப் போனாள். இரண்டு வருடம் ஊழியர் விடுதியில் இருந்தாள். இப்போது தனி வீடு, வாடகைக்கு.

வீடியோவில் காட்டினாள். யன்னலின் பாதிவரை பனி ஏறியிருந்தது. இங்கே கோடை வெயில்; எனக்கு மின்விசிறிக் காற்றுப் போதவில்லை.

"பால் காய்ச்சினனியோ?" என்று கேட்டேன். பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

உடனே வைத்தாள். அந்த மின் அடுப்பு, சூடு ஏறியதும் தானாக நின்றுவிட்டது.

"பொங்குதில்லை அம்மா. இவ்வளவு காணும்தானே?"

"காணாது. சட்டி முட்டப் பாலை விட்டுத் திரும்ப வை."

இந்த முறை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"பொங்கீட்டுது அம்மா," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

விடுதியில் இருந்தபோது ஒருநாளும் இதை நான் கேட்டதில்லை. திரும்பி வரப்போகிறவள் எதற்குப் பால் காய்ச்ச வேண்டும்? இன்று நானே விடாமல் நின்று காய்ச்ச வைத்தேன். என் வாயின்மேல்தான் கோபம்.

இங்கே அவளுடைய அறைக் கட்டிலுக்கு நேற்றுத்தான் புது விரிப்புப் போட்டிருந்தேன்.