மூடியைத் திறக்காதவர்

மேடம்,

இன்று காலை என் மனைவி அலமாரியின் பின்னால் மறந்து கிடந்த வெண்ணெய் டப்பாவைத் திறந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். தூக்கிப் போடப் போனவளைத் தடுத்து, வாங்கி முகர்ந்து பார்த்தேன். கெட்டுப்போன வெண்ணெயின் வாடையில் மனம் குளிர்கிறவர்கள் இந்தத் தீவின் மரைன் ஹில்லில் இரண்டு பேர் இருந்தோம். போன மழைக்காலத்தில் நீங்கள் கண்மூடியதிலிருந்து நான் ஒருவன்தான்.

பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு உங்களிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். வயதில் மூத்தவன் என்று நீங்கள் என்னை சார் என்றீர்கள். நான் மேடம் என்றேன். கடைசிவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நோய் தருகிற கிருமிகளைப் பற்றி ஊரே பேசுகிறது, குடலில் ஒழுங்காக வேலை பார்ப்பவற்றை யார் கவனிக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டீர்கள். நாம் தின்னும் நார்ச்சத்தைப் பக்குவப்படுத்தி, குடலின் சுவருக்கே சோறு போடும் பாக்டீரியாக்கள்தான் உங்களுக்கு உயிர். காற்றுப் பட்டால் அவை செத்துவிடும். காற்றுப் புகாத ஜாடியில் நன்றாக வளர்ந்தால், திறக்கும்போது கெட்ட வெண்ணெய் வாடை வரும்.

என் ஜாடியில் அந்த வாடை வரவே இல்லை. மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. மூடி சரியாக இறுகியதா, காற்றை உறிஞ்சும் பொட்டலத்தை உள்ளே போட்டேனா என்ற சந்தேகம். திரும்பி வந்து திறந்து பார்ப்பேன். ஒரு வருடம் போல எதுவும் முளைக்கவில்லை. எனக்கு இது வராது, விலகிக்கொள்கிறேன் என்று சொல்ல உங்கள் அறைக்கு வந்தேன்.

"சார், உங்க டேபிள் பக்கம் நான் எப்பவாச்சும் எட்டிப் பாத்திருக்கேனா?"

இல்லை என்றேன். என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அதையும் சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

"அரே சார், அதுங்களுக்கும் ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் ஒரே குணம். எட்டி எட்டிப் பாத்தா வளராது. ஜாடிய மூடிட்டு வீட்டுக்குப் போங்க. நான் கூப்பிடுற வரைக்கும் இந்தப் பக்கம் வரக்கூடாது. ஜங்லிகாட்டுல மீன் வாங்குங்க, வீட்டுல சண்டை போடுங்க. பஸ், அவ்வளவுதான்."

மீன் வாங்கினேன். சண்டை தானாகவே வந்தது. ஹேடோ துறைமுகத்தில் மெயின்லேண்ட் கப்பல் வருவதைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பி, லேப் இருக்கும் தெருமுனைவரை வந்து திரும்பினேன். ஒரு வழியாக அழைத்தீர்கள். ஜாடியை நீங்கள் தொடவில்லை. திறக்க வேண்டியவன் நான் என்றீர்கள். திறந்தேன். பக்கத்து மேசைத் தெலுங்குப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன செத்துப்போச்சு என்று இந்தியில் கேட்டான். எதுவும் சாகவில்லை, பிழைத்துவிட்டது என்று அதே இந்தியில் சொன்னீர்கள்.

பிறகு வாய்மொழித் தேர்வு. மெயின்லேண்டிலிருந்து வந்த தேர்வாளர், இது குடலிலிருந்து வந்ததல்ல, உங்கள் கையிலிருந்தோ லேப் காற்றிலிருந்தோ விழுந்த கிருமி என்றார். பதில் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். உங்கள் ஒரு வார்த்தை போதும். நீங்களோ கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் புரிந்தது: மூடியைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள்.

"காத்துல வந்தது காத்துல சாகாதுங்க ஐயா," என்றேன். "இது சாகும். சந்தேகப்பட்டு வேணும்னே திறந்து வச்சும் பாத்துட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு வருஷம், தெரியாமலே நான்தான் கொன்னுக்கிட்டிருந்தேன்."

அறையே சிரித்தது. தேர்வாளரும் சிரித்துவிட்டு, அடுத்தடுத்துக் கேட்டார். அவர் கேட்ட ஒவ்வொன்றையும் நான் ஏற்கெனவே என்னிடம் கேட்டு, ஜாடி வைத்துப் பார்த்திருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் பயம் எனக்காகப் பேசியது. அவர் எழுந்து, "வாழ்த்துகள், டாக்டர்" என்று கைகொடுத்தபோது நீங்கள்தான் முதலில் கைதட்டினீர்கள்.

அன்று வாடை வந்த ஜாடியின் மூடியை நான் இன்னும் வைத்திருக்கிறேன், மேடம். உங்கள் லேப் பிள்ளைகள் அவ்வப்போது என்னை அழைக்கிறார்கள். அவர்கள் மேசையைத் தாண்டும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி நடக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஜாடிகளில் வாடை வருகிறது.

எதை எழுதினாலும் பலமுறை திருத்தாமல் நான் உறையில் போட்டதில்லை. இதை ஒருமுறைகூடத் திருப்பிப் படிக்காமல் ஒட்டுகிறேன்.